கேஸ் கீழேதான் போகும்

2021 நவம்பர், டிசம்பர் மாதங்களை நம் ஊர்ப் பெண்கள் இன்னும் மறக்கவில்லை. டீவியைப் போட்டால் ஒவ்வொரு நாளும் கேஸ் வெடித்த ஏதோ ஒரு ஊரின் குசினி. நொறுங்கிக் கிடக்கும் கண்ணாடி அடுப்பு, கரி பிடித்த சுவர், வாசலில் நின்று அழும் ஒரு தாய். கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் சிலிண்டரைத் தூக்கி முற்றத்தில் வைத்துவிட்டு விறகடுப்பு மூட்டியவர்கள் நிறையப் பேர். சில மாதம் போவதற்குள் பொருளாதார நெருக்கடி வந்து எல்லாம் தலைகீழானது. கேஸ் வராதா என்று வெறும் சிலிண்டர்களைச் சங்கிலியால் கோர்த்து வரிசையில் வைத்துவிட்டு வெயிலில் காய்ந்தோம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்டும் இல்லை. அதனால் ரைஸ் குக்கரும் கைகொடுக்கவில்லை. எங்காவது ஒரு சிலிண்டர் கிடைத்தால் யார் கண்ணிலும் படாமல் கொண்டுவந்து படுக்கையறைக்குள் வைத்துப் பூட்டினோம்.

அந்த இரண்டு காலமும் நம்மிடம் இரண்டு பழக்கங்களை விட்டுப் போயிருக்கின்றன. அடுப்போடு பூட்டியிருக்கும் சிலிண்டரைக் கண்டால் பயம். கட்டில் கால்மாட்டில் நிற்கும் சிலிண்டரைக் கண்டால் நிம்மதி. பயப்பட வேண்டிய இடத்தில் நிம்மதியாகவும், கொஞ்சம் கவனம் போதும் என்கிற இடத்தில் நடுக்கமாகவும் இருக்கிறோம் என்பதுதான் என் கவலை. இந்தப் பதிவை எழுதுவதும் அதற்காகத்தான்.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். ஐதரோகாபன் பாடம் வருகிற ஒவ்வொரு வருடமும் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "டீச்சர், சிலிண்டர் வெடிக்குமா?" என்பதுதான். நெருப்புக்குள் நெடுநேரம் கிடந்தால் வெடிக்கும். ஆனால் வீடுகளில் நடக்கும் விபத்துகளில் பெரும்பாலும் சிலிண்டர் முழுசாகவே நிற்கும். வெடிப்பது குசினிக்குள் தேங்கிய கேஸும் காற்றும் கலந்த கலவை. இந்த வித்தியாசம் விளங்கினால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

நாம் வாங்கும் 12.5 கிலோ சிலிண்டருக்குள் இருப்பது புரொப்பேன், பியூட்டேன் என்ற இரண்டு வாயுக்களின் கலவை. அமுக்கத்தில் அடைத்திருப்பதால் உள்ளே அது திரவமாகக் கிடக்கிறது. ஆட்டிப் பார்த்தால் தளும்புகிற சத்தம் கேட்கும். வெளியே வந்ததும் ஆவியாகி ஏறத்தாழ 250 மடங்கு விரியும். புரொப்பேன் பூச்சியத்துக்கும் கீழே 42 பாகை செல்சியசிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். சாதாரண பியூட்டேனுக்குக் கிட்டத்தட்ட பூச்சியம் பாகை போதும். அதனால்தான் பனி கொட்டும் நாடுகளில் வீட்டுக்கு வெளியே பெரிய தாங்கியில் தனிப் புரொப்பேனை வைத்திருப்பார்கள். பியூட்டேன் அங்கே குளிர்காலத்தில் ஆவியாகாமல் உறங்கிவிடும். கல்முனை வெயிலில் பியூட்டேன் நன்றாகவே ஆவியாகும். நமக்குப் புரொப்பேன் கொஞ்சம் இருந்தால் போதும். 30 பாகை வெப்பத்தில் புரொப்பேனின் அமுக்கம் சாதாரண பியூட்டேனின் அமுக்கத்தைப் போல நான்கு மடங்குக்குக் கிட்ட வரும். கலவையில் புரொப்பேனைக் கூட்டக் கூட்ட வால்வு, வாஷர், ரெகுலேட்டர் எல்லாம் கூடுதலான அமுக்கத்தைத் தாங்க வேண்டிவரும்.

2021இல் நடந்தது இதுதான். கலவை மாறியிருக்கிறது, ஆபத்து என்று நுகர்வோர் அதிகார சபையின் நிறைவேற்றுப் பணிப்பாளராக இருந்த துஷான் குணவர்தன வெளிப்படையாகவே எச்சரித்தார். சம்பவங்கள் பெருகிய பிறகு, மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சாந்த வல்பொல தலைமையில் ஜனாதிபதி ஒரு குழுவை நியமித்தார். கலவை மாற்றமே பிரதான காரணம் என்று அந்தக் குழு டிசம்பரில் சொன்னது. வாசனைப் பொருள் போதாத ஒரு கப்பல் சரக்கை இறக்க விடாமல் மறித்ததும் அந்த மாதம்தான். கேஸுக்கு இயற்கையில் மணம் கிடையாது. நம் மூக்கில் ஏறும் அந்த நாற்றம் எதைல் மேர்கப்டன் என்ற பொருளை வேண்டுமென்றே கலப்பதால் வருவது. அது குறைந்தால் கசிவு தெரியவே தெரியாது.

எனக்கு இதில் இன்றைக்கும் ஆறாத ஒரு ஆத்திரம் உண்டு. அரிசிப் பையில் கூட என்ன அரிசி என்று எழுதியிருக்கும். நாட்டின் எத்தனையோ குசினிகளுக்குள் போகிற ஒரு பொருளில் என்ன மாற்றம் வந்தது என்பதை, அதன் முன்னால் நின்று சமைக்கிற பெண்ணுக்கு ஒருவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. பழுதான ஹோஸ், பழைய ரெகுலேட்டர், கண்ணாடி அடுப்பு என்று பழி முதலில் அவள் குசினிக்குத்தான் வந்தது. ஹோஸ் பழையதாக இருந்திருக்கலாம். ஆனால் அதே பழைய ஹோஸில்தான் முந்தின வருடமும் சமைத்தாள்.

விலையும் அதே காலத்தில்தான் ஏறியது. 1,493 ரூபாயாக இருந்த லிட்ரோ கம்பனியின் 12.5 கிலோ சிலிண்டர் 2021 ஒக்டோபரில் ஒரே தாவலில் 2,750 ஆனது. 2022 ஏப்ரலில் 4,860. ஜூலையில் 4,910. ஓகஸ்டில் கொஞ்சம் இறங்கி 4,664. இந்த எண்களை நான் எழுதி வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. விலை அப்படி ஏறினால் ஒரு வீட்டில் முதலில் என்ன நடக்கும்? தேய்ந்த ஹோஸை மாற்றுவதைத் தள்ளிப் போடுவார்கள். சிலிண்டரின் கடைசிச் சொட்டையும் பிழிந்தெடுக்கப் பார்ப்பார்கள். இன்னொரு சிலிண்டரை எங்காவது பதுக்குவார்கள். பாதுகாப்புக் குறைவுக்கு அறியாமை மட்டுமே காரணம் என்று பேசுகிறவர்கள் இந்த விலைப்பட்டியலையும் ஒருக்கால் பார்க்க வேண்டும்.

சரி, குசினிக்குள் வருவோம்.

புரொப்பேன் காற்றை விட ஒன்றரை மடங்கு பாரம். பியூட்டேன் இரண்டு மடங்கு. கசிகிற கேஸ் மேலே எழும்பாது. தரையில் கொட்டிய தண்ணீரைப் போல பள்ளம் பார்த்து ஓடி, மூலையில் தேங்கி, கதவுப் படியில் முட்டி நிற்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு சேர்ந்தாலே தீப்பற்றும். பத்தடிக்குப் பத்தடிக் குசினி ஒன்றை முழுதாக அந்த அளவுக்கு நிரப்ப ஒரு கிலோ கேஸ் போதும். அது குசினி முழுக்கப் பரவினால்தான் இந்தக் கணக்கு. கீழே மட்டும் தேங்கிக் கிடந்தால் அதை விட எவ்வளவோ குறைவாகவே போதும்.

இப்போது நம் குசினிகளைப் பாருங்கள். எங்கள் மூத்தம்மாவின் காலத்தில் குசினி வீட்டோடு ஒட்டாமல் தனியே நிற்கும். கிடுகு மறைப்பு, மண் அடுப்பு, நாலு பக்கத்தாலும் காற்று. சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் வீடுகள் புதிதாக எழும்பியபோது குசினி வீட்டுக்குள் வந்துவிட்டது. புளொக் கல் சுவர், டைல் தரை, கிறில் போட்ட யன்னல். புகை போவதற்கு மேலே, கூரைக்குக் கிட்ட, காற்றுத் துவாரம் வைக்கிறோம். புகைக்கு அது சரி. கேஸுக்கு ஒரு பயனும் இல்லை. தரை மட்டத்தில் ஒரு துவாரமும் வைப்பதில்லை. பாம்பு வரும், எலி வரும், மழைத் தண்ணீர் வரும் என்று கீழே இருக்கிற ஓட்டையை எல்லாம் அடைத்து விடுகிறோம்.

அதற்கு மேல் இப்போது பென்ட்ரி கபினெட் மோகம். கட்டாரிலும் சவூதியிலும் உழைத்த காசில் கட்டிய அழகான குசினிகள். கண்ணுக்கு அசிங்கமாக இருக்கிறது என்று சிலிண்டரைக் கபினெட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். கசிகிற கேஸைச் சேர்த்து வைப்பதற்கென்றே ஒரு பெட்டி செய்தது போலாகிறது. போன வருடம் எங்கள் குடும்பத்தில் ஒரு பிள்ளையின் புது வீட்டுக்கு வேலை நடக்கும்போது மேசன் காக்காவிடம் நானே போய்ப் பேசினேன்.

"காக்கா, இந்தச் சிலிண்டர் வைக்கிற தட்டுக்குக் கீழ, வெளிச் சுவருல ரெண்டு ஓட்ட போட்டுத் தாங்களன்."

"என்னத்துக்கு டீச்சர்? எலி பூந்திருமே."

"கம்பி வலை அடிச்சி உடுங்க. தரையோட தரையா இரிக்கோணும். மேல போட்டா வேலை இல்ல."

அவர் தரையை ஒட்டி ஒரு புளொக் கல்லைக் கழற்றி, அந்த இடத்தில் துவாரக் கல் வைத்து, வலை அடித்துத் தந்தார். அரை நாள் வேலைகூட இல்லை. கபினெட் கதவின் அடியிலும் மேலும் கீற்றுக் கீற்றாக வெட்டிக் கொடுத்தார் தச்சன். இதைவிட நல்லது, சிலிண்டரைச் சுவருக்கு வெளியே கூரை நிழலில் வைத்து, தகுதியான ஆளைக் கொண்டு குழாயை உள்ளே எடுப்பது. நம் வளவுகள் நெருக்கமானவை. பக்கத்து வீட்டு யன்னல் நாலடியில் இருந்தால் வெளியே வைப்பதும் அவர்களுக்குத் தொல்லை. அப்படியான இடத்தில் தரைத் துவாரம்தான் வழி. அந்தத் துவாரமும் பக்கத்து வீட்டுக் குசினியைப் பார்த்தபடி இருக்கக் கூடாது. கிணற்றுப் பக்கமோ வாய்க்கால் பக்கமோ திறக்கவும் கூடாது, ஏனென்றால் கேஸ் அதற்குள்ளும் இறங்கித் தேங்கும்.

இன்னொரு பொருளும் தரை மட்டத்தில் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. பிரிட்ஜ். அதன் மோட்டார் கீழே, பின்பக்கத்தில். நாம் தொடாமலே அது தன்பாட்டில் நின்று தன்பாட்டில் ஓடும். பழைய பிரிட்ஜ்களில் அப்படி ஓடத் தொடங்கும் நேரம் உள்ளே ஒரு சின்னப் பொறி தட்டும். எத்தனை குசினிகளில் சிலிண்டருக்குப் பக்கத்திலேயே பிரிட்ஜ் நிற்கிறது! நான் போகிற வீடுகளில் முதலில் கவனிப்பது அதைத்தான். இடம் இருந்தால் சுவருக்குச் சுவர் எதிரெதிராகத் தள்ளி வையுங்கள்.

இதை எல்லாம் சேர்த்து நினைத்தால் நம் ஊரில் மிக ஆபத்தான நேரம் எது தெரியுமா? நோன்பு காலத்தில் சஹருக்கு எழும்புகிற நேரம். கஞ்சி, சம்சா, ரோல்ஸ் என்று இப்தார் வேலைக்கு அடுப்பு பின்னேரம் முழுக்க எரிந்திருக்கும். தராவீஹ் முடிந்து வந்து இன்னொரு முறை தேத்தண்ணி. பிறகு நுளம்புக்குப் பயந்து யன்னல் எல்லாம் இறுக்கிச் சாத்திவிட்டுப் படுக்கிறோம். ஒரு குமிழி சரியாக மூடப்படாமல் இருந்தாலும், ஒரு வாஷர் இலேசாகக் கசிந்தாலும், நாலைந்து மணித்தியாலம் கேஸ் தரையில் சேரும். விடியப்புறம் மூன்றரை மணிக்கு அரைத் தூக்கத்தில் ஒருவர் வந்து முதலில் செய்கிற காரியம் லைட் சுவிட்சைத் தட்டுவது.

ஆகவே இரவில் கடைசிக் கேத்தலை இறக்கியதும் அடுப்புக் குமிழியோடு நிறுத்தாமல் ரெகுலேட்டரையும் மூடிவிடுங்கள். சஹருக்கு எழும்பியவர் குசினி வாசலில் நின்று ஒரு மூச்சு இழுத்துப் பார்த்துவிட்டு, பின்கதவைத் திறந்துவிட்டு, அதன் பிறகு சுவிட்சில் கை வைக்கட்டும். எங்கள் வீட்டில் இது பழக்கமாகிவிட்டது. பிள்ளைகள் கூட வாசலில் நின்று மோந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள்.

காற்றும் ஒரு காரணம். வாடைக் காலத்தில் மழைச் சாரலுக்காகக் கதவு யன்னலை அடைக்கிறோம்; கச்சான் அடிக்கிற காலத்தில் எதிர்ப்பிரச்சினை. யன்னல் திறந்திருக்கும், சிம்மில் வைத்த சோறு கொதித்துக்கொண்டிருக்கும், ஒரு வீச்சில் நெருப்பு அணைந்துவிடும். கேஸ் மட்டும் வந்துகொண்டே இருக்கும். நெருப்பு அணைந்தால் கேஸைத் தானே நிறுத்தும் அமைப்புள்ள அடுப்புகள் கடைகளில் உண்டு. அடுத்த அடுப்பு வாங்கும்போது மேல்தட்டு கண்ணாடியா, மாபிள் நிறமா என்று பார்ப்பதற்கு முன் இதைக் கேளுங்கள். அதுவரை, கச்சான் காலத்தில் சிம்மில் வைத்துவிட்டு முற்றத்துக்குக் கதைக்கப் போகாதீர்கள்.

உப்புக்காற்றைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கரையில் எதையும் எழுத முடியாது. மருதமுனையில் கடலுக்கு முதல் வரிசையில் இருக்கும் வீட்டில் ஒரு இரும்புக் கிளிப் எப்படித் துருப்பிடிக்கும் என்பது இருக்கிறவர்களுக்குத் தெரியும். ஹோஸை இறுக்குகிற கிளிப், ரெகுலேட்டருக்குள் இருக்கிற ஸ்பிரிங், சிலிண்டரின் அடி வளையம் மூன்றையும் உப்பு தின்னும். பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை, ஹோஸை இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும் ரெகுலேட்டரை ஐந்து வருடத்துக்கு ஒருமுறையும் மாற்றச் சொல்கிறது. கடலோரத்தில் அதற்கும் முந்தி மாற்றுவதுதான் சரி என்று நான் நினைக்கிறேன். கிளிப்பைத் துருப்பிடிக்காத எவர்சில்வரில் கேட்டு வாங்குங்கள். சிலிண்டரை ஈரத் தரையில் நேரே வைக்காமல் ஒரு பலகையின் மேலோ பிளாஸ்டிக் தாங்கியின் மேலோ நிமிர்த்தி வையுங்கள். ஹோஸை மடக்கி விரலால் அழுத்திப் பாருங்கள். வெடிப்பு வெடிப்பாகத் தெரிந்தால் அன்றைக்கே அதற்கு முடிவு. எலி கடித்த தடம் இருக்கிறதா என்று அடுப்புக்குப் பின்பக்கம் தெரியாத இடத்தையும் பாருங்கள், எலி அந்த இடத்தில்தான் கடிக்கும்.

கசிவைப் பார்ப்பதற்கு நெருப்புக்குச்சியைக் கொளுத்திக் கிட்டக் கொண்டுபோகிற பெரிய மனிதர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து அவர்களைத் தடுங்கள். கோப்பையில் கொஞ்சம் சவர்க்காரத்தைக் கரைத்து நுரையாக்கி, துணியால் தொட்டு, ரெகுலேட்டர் சிலிண்டரோடு சேர்கிற இடத்தில், ஹோஸின் இரண்டு முனையிலும், அடுப்புக் குமிழிக்குக் கீழே என்று பூசுங்கள். கசிந்தால் நுரை ஊதும். புதுச் சிலிண்டர் மாட்டுகிற ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய வேண்டும், ஏனென்றால் சிலிண்டர் வால்வுக்குள் இருக்கும் றப்பர் வளையம் ஒவ்வொரு சிலிண்டரிலும் வேறு. போன சிலிண்டர் நன்றாக இருந்தது என்பதால் இந்தச் சிலிண்டரும் நன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. கடையில் வாங்கும்போதே வால்வு வாயில் ஒரு சொட்டு நுரையை விட்டுப் பார்க்கலாம். சிலிண்டரின் கழுத்து வளையத்தில் வெறும் சிலிண்டரின் நிறை அடித்திருக்கும். அதோடு 12.5ஐக் கூட்டித் தராசில் பார்க்கிற உரிமையும் உங்களுக்கு உண்டு. கடைக்காரர் முகத்தைச் சுளித்தாலும் பார்த்துவிட்டே எடுங்கள்.

கேஸ் முடியப் போகிற நேரத்தில் நடக்கிற கூத்துகள் வேறு. சிலிண்டரைப் படுக்க வைத்துச் சமைப்பது, சுடுதண்ணீரை ஊற்றுவது, தலைகீழாகக் குலுக்குவது. படுக்க வைத்தால் ஆவிக்குப் பதிலாகத் திரவமே ரெகுலேட்டருக்குள் ஏறிவிடும். ஆவிக்காகச் செய்த கருவி அது. திரவம் வந்தால் அடுப்பில் நெருப்பு ஆளுயரத்துக்கு எழும்பும். இலாபம் பார்க்கப் போனால் அதில் மிஞ்சுவது ஒரு தேத்தண்ணிக்குப் போதுமான கேஸ். பெரிய சிலிண்டரிலிருந்து 2.3 கிலோ சின்னச் சிலிண்டருக்கு வீட்டிலேயே ஊற்றிக் கொடுக்கிற வேலையும் நெருக்கடிக் காலத்தில் ஊருக்கு ஊர் முளைத்தது. நிரப்பும் நிலையங்களில் எப்போதும் மேலே ஒரு வெற்றிடம் விட்டுத்தான் நிரப்புவார்கள், வெயிலில் திரவம் விரிவதற்காக. கண்மதிப்பில் கழுத்து வரை நிரப்பிய சிலிண்டரை வெயிலில் வைத்தால் விரிவதற்கு இடம் இருக்காது. பிள்ளைகள் கேட்ட முதல் கேள்விக்கு இதுவும் ஒரு பதில்: சிலிண்டர் உண்மையிலேயே வெடிக்கக் கூடிய இன்னொரு சந்தர்ப்பம் இது.

பதுக்கி வைத்திருக்கிற இரண்டாவது சிலிண்டருக்கு வருகிறேன். அது வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. 2022இல் கைக்குழந்தைக்குப் பால் காய்ச்ச வழியில்லாமல் தவித்த தாய்மாருக்கு, மிச்சமாக ஒரு சிலிண்டர் வீட்டில் இருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று தெரியும். ஆனால் கட்டிலுக்குக் கீழும், மாடிப்படிக்குக் கீழும், மண்ணெண்ணெய்க் கேனும் ஜெனரேட்டர் பெற்றோலும் இருக்கிற ஸ்டோர் அறையும் அதற்கான இடமில்லை. படுக்கையறையில் அது கசிந்தால் தூங்குகிறவர் மூக்கு எழும்பாது. குறிப்பாகப் பாயில், தரையில் படுக்கிற பிள்ளைகளும் வயசாளிகளும்தான் கேஸ் தேங்குகிற மட்டத்தில் கிடக்கிறார்கள். அதற்கு இடம் வீட்டுக்கு வெளியே, நிழலில், நிமிர்த்தி, வால்வு மூடியைப் போட்டு, யன்னலுக்கும் கிணற்றுக்கும் தள்ளி. களவு போகும் என்று பயமாக இருந்தால் கம்பிக் கூடு ஒன்று அடித்துப் பூட்டுங்கள். தகரப் பெட்டி வேண்டாம், காற்று ஓட வேண்டும். வெறும் சிலிண்டருக்கும் இதே சட்டம்தான். முடிந்துவிட்டது என்று நாம் சொல்லும் சிலிண்டருக்குள்ளும் கேஸ் இருக்கவே செய்யும்.

மாடி வீட்டுத் திட்டங்களில் இருக்கிறவர்களுக்கு இந்த வசதி இல்லை. பால்கனி இருந்தால் அதுதான் இடம், இல்லாவிட்டால் இரண்டாவது சிலிண்டரை உம்மா வீட்டு முற்றத்தில் வைப்பது நல்லது.

மழைக்கால வெள்ளத்தை வைத்தும் ஒரு சொல். கேஸ் நிறைந்த சிலிண்டர் கூடத் தண்ணீரில் மிதக்கும். வெள்ளம் ஏறும் என்று அறிவித்தால் ரெகுலேட்டரைக் கழற்றி, மூடியைப் போட்டு, சிலிண்டரை உயரமான இடத்தில் வைத்து யன்னல் கிறிலோடு கயிற்றால் கட்டிவிட்டு வெளிக்கிடுங்கள். மூழ்கின ரெகுலேட்டரைக் காயவைத்துத் திரும்பப் பாவிக்க வேண்டாம்.

கேஸ் இன்றைக்குக் குசினியோடு நிற்பதில்லை. கொத்துக் கடை, பேக்கரி, தங்க வேலை செய்கிறவரின் ஊதுகுழல் எல்லாம் இதில்தான். உங்கள் புதிய பிரிட்ஜின் பின்னால் ஆர் 600ஏ என்று எழுதியிருந்தால் உள்ளே ஓடுவது பியூட்டேனின் தம்பியான ஐசோபியூட்டேன்; சில புதிய ஏசிகளில் ஆர் 290, அதாவது புரொப்பேன். அளவு கொஞ்சம்தான், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அவற்றைத் திருத்த வருகிறவர் கேஸைத் திறந்துவிட்டால், பற்றவைப்பு வேலை தொடங்க முன் யன்னலைத் திறக்கச் சொல்லுங்கள். கலியாண வீட்டுச் சஹன் சோறு நம் பக்கத்தில் இன்னும் பெரும்பாலும் விறகில்தான் வேகிறது. பந்தலுக்குள் பெரிய சிலிண்டர் வைத்துப் பொரிக்கிற வேலை இருந்தால், சிலிண்டர் பந்தல் துணிக்கு வெளியே நிற்கட்டும்.

நாற்றம் அடித்துவிட்டது, என்ன செய்வது? நெருப்பு எல்லாவற்றையும் அணையுங்கள், ரெகுலேட்டரை மூடுங்கள், கதவு யன்னலை அகலத் திறவுங்கள், பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். சுவிட்ச் எதையும் தொடாதீர்கள். போடுவதும் வேண்டாம், நிறுத்துவதும் வேண்டாம், இரண்டிலும் பொறி வரும். காற்றாடியும் கூடாது. அயல் வீட்டாரைக் கூப்பிட அவர்களின் காலிங் பெல்லை அமுக்காமல் சத்தம் போட்டுக் கூப்பிடுங்கள். மூடியும் கசிவு நிற்கவில்லை என்றால், தூக்க முடிந்தால், சிலிண்டரை நிமிர்த்தபடியே வெட்டவெளிக்குக் கொண்டுபோய் வையுங்கள். போனை வீட்டுக்கு வெளியே, தள்ளி நின்று எடுங்கள். லிட்ரோ சிலிண்டர் என்றால் 1311. யாருக்காவது காயம் என்றால் 1990 அம்புலன்ஸ். ரெகுலேட்டர் வாயில் நெருப்புப் பிடித்துவிட்டால், அது சின்னதாக இருக்கும்போதே நனைத்த கோணிச் சாக்கை முன்னால் பிடித்தபடி போய் மூடிப் போர்த்தி வால்வை நிறுத்தலாம். அதற்குப் பயிற்சியும் துணிவும் வேண்டும். இல்லாதவர்கள் வீட்டை விட்டு வெளியே வருவதுதான் அறிவு. குசினியைத் திருப்பிக் கட்டலாம்.

கடைசியாக ஒரு கோரிக்கை, பள்ளிவாசல் நிர்வாகத்தினருக்கு. இப்படியான விஷயங்களை ஜும்ஆவில் அறிவிக்கிறீர்கள், நல்லது. ஆனால் கேட்டுவிட்டு வருகிற ஆண்களில் எத்தனை பேர் வீட்டில் ரெகுலேட்டர் மாட்டுகிறவர்கள்? சஹருக்கு முதலில் குசினிக்குள் போகிறவர் வீட்டுப் பெண். அவளிடம் நேரே பேச வேண்டும். நோன்புக்கு முந்திய ஷஃபான் மாதத்தில், ஒவ்வொரு மஹல்லாவிலும் பெண்கள் குர்ஆன் மத்ரசா நடக்கிற இடத்தில் ஒரு அஸருக்குப் பிறகு அரை மணித்தியாலம் தந்தால் போதும். ஒரு சிலிண்டர், ஒரு பழைய ரெகுலேட்டர், ஒரு புது ரெகுலேட்டர், ஒரு கோப்பை சவர்க்கார நுரை. நுரை ஊதுவதை ஒருக்கால் கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. பாண்டிருப்பு, காரைதீவு தமிழ்ப் பெண்களையும் கூப்பிடுவோம். குசினி எல்லோருக்கும் ஒன்றுதான். கல்முனைக்குடியிலிருந்து நிந்தவூர் வரை எந்த மஹல்லா கூப்பிட்டாலும் சாமான்களோடு நானே வருகிறேன். பின்னேரம் நாலரைக்குப் பிறகு என்றால் எனக்கு வசதி.